பனிக்கு அடியில் பார்க்கும் கமரா: என் 389 டொலர் போன கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். சனிக்கிழமை கனடாவின் சிம்கோ ஏரியில் நடந்தது இது.

பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிக்கிறவர்களுக்குத் தெரியும், கீழே பேர்ச் மீன் வந்து இரையை முகர்ந்துவிட்டுப் போனாலும் மேலே இருக்கிற எங்களுக்குத் தெரியாது. அதைத் திரையில் பார்க்கவேண்டும் என்பது மகனின் இரண்டு வருட ஆசை. பல பேர் பொருள் விற்கும் ஓர் இணையச் சந்தையில் 389 டொலர் கொடுத்து தண்ணீருக்குள் இறக்கும் கமரா ஒன்று வாங்கினேன். "30 மீற்றர் வரை உத்தரவாதம்" என்று போட்டிருந்தது. உண்மையா என்று விற்பவரைக் கேட்டேன். "பயப்படாமல் இறக்குங்கள்" என்று ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. அந்த வேகத்தில்தான் நம்பிவிட்டேன். வீட்டில் வாளித் தண்ணீரில் போட்டும் பார்த்தோம். மகன் உள்ளே கையை விட்டு விரல்களை ஆட்டினான், அவ்வளவு தெளிவு.

ஏரியின் கெம்பென்ஃபெல்ட் குடாவில் 12 மீற்றர் இறக்கினோம். ஒரு பேர்ச்சின் கறுப்பு வரிகள் தெரிந்தன, மகன் கத்தினான். அடுத்த நிமிடம் திரை புகை மூடினதுபோல மங்கி, இருண்டுவிட்டது. இழுத்து எடுத்தால் கண்ணாடிக்குள் தண்ணீர். கமராவின் பக்கத்தில் பொடி எழுத்தில் ஐபி67 (IP67) என்று தண்ணீர் தாங்கும் தர எண். ஒரு மீற்றர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம்! வாளியில் இது எப்படித் தெரியும்?

அன்றிரவே எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பதில் சொன்ன அதே ஆள் திங்கட்கிழமைதான் வாயைத் திறந்தார். முதலில் "வயரைச் சரியாக இறுக்கவில்லை" என்றார். காணொளி கேட்டார், அனுப்பினேன். பிறகு "குளிரில் பற்றரி இறங்கியிருக்கும்" என்றார். பற்றரி குளிரில் இறங்கும்தான், அதற்காகக் கண்ணாடிக்குள் தண்ணீர் வருமா? கடைசியில் 40 டொலர் தருகிறோம், முறைப்பாட்டை மூடுங்கள் என்கிறார்கள். திருப்பி அனுப்பவேண்டுமென்றால் வெளிநாட்டு முகவரிக்கு என் செலவில் அனுப்பவேண்டுமாம். சந்தைக்காரரோ "விற்பனையாளருடன் பேசுங்கள்" என்கிறார்கள். 389 டொலர்! மகன் அந்தப் பெட்டியை இன்னும் எறியவிடவில்லை.

வாங்கப்போகிறவர்கள் ஐபி எண்ணைப் பாருங்கள். 68 என்றாலும் எத்தனை மீற்றர் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். திருப்பி அனுப்பும் முகவரி எந்த நாடு என்று முதலே பாருங்கள். பாதிக் காசுக்கு முறைப்பாட்டை மூடாதீர்கள். நான் கடன் அட்டை வங்கிக்கு இன்று காலை அறிவித்துவிட்டேன், 389 டொலரும் கேட்டு.