‘கடல் பார்த்த அறை’: மதுரையில் பணம் கட்டிப் புதுச்சேரிக்குச் செல்வோர் கவனத்திற்கு

குடியரசு நாளை ஒட்டி வந்த விடுமுறையில் என் தாயாரை அழைத்துக்கொண்டு, மூன்று நாள் கடற்கரையில் ஓய்வாக இருந்துவிட்டு வரலாம் என்று புதுச்சேரிக்குச் சென்றேன். கட்டிய பணத்தில் பாதிக்கு மேல் ஏமாந்து திரும்பினேன். ஏமாற்றியவர் புதுச்சேரிக்காரர் அல்லர். மதுரை டவுன்ஹால் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கண்ணாடிக் கதவு போட்ட சிறு அலுவலகம் வைத்திருக்கும் நம் ஊர்ச் சுற்றுலா முகவர்தான் அவர். புகார் விசாரணையில் இருப்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. கோடை விடுமுறைக்கு இதே சந்துகளில் பலர் முன்பணம் கட்டப்போகிறீர்கள் என்பதால், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அம்மா அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தெட்டு. முழங்கால் தேய்மானம் இருப்பதால் மாடிப்படி ஏறுவது கடினம். புதுச்சேரிதான் வேண்டும் என்று அவர் கேட்டதற்குக் காரணங்கள் இரண்டு. பாரதி 1904-இல் சில மாதங்கள் மதுரை சேதுபதி பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர் என்பதை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றவர் அம்மா. அதே பாரதி 1908 முதல் 1918 வரை பத்தாண்டு வாழ்ந்த ஊரை ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்பது முதலாவது. மற்றொன்று, அங்கே கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டிகளை விடுவதில்லை என்று யாரோ சொல்லக் கேட்டது. அறையை விட்டு இறங்கினால் சமதளமான சாலை, எதிரே கடல், இடையில் வண்டித் தொல்லை கிடையாது என்றால் கால்வலிக்காரருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

இதையெல்லாம் முகவரிடம் விளக்கமாகவே சொன்னேன். அவரும் மிகப் பொறுமையாகக் கேட்டார். ‘அம்மாவுக்குன்னா நானே பாத்துப் போடுறேன் மேடம், பீச் ரோட்டுலயே, பால்கனியில உக்காந்தா கடல்தான்’ என்று சொல்லி, வெள்ளைத் தூண்களும் நீலக் கதவும் கொண்ட ஒரு பால்கனிப் படத்தைக் கைபேசிக்கு அனுப்பினார். இரண்டு இரவு அறைக்கு 11,000, மதுரையிலிருந்து போய்வரக் காருக்கு 10,000, படகுச் சவாரிக்கும் மாத்ரி மந்திர் (ஆரோவில்லில் உள்ள தியான மண்டபம்) நுழைவுச் சீட்டுக்கும் மற்ற இடங்களுக்குமாக 3,000, ஆக 24,000 ரூபாய். அதன்மேல் 5 சதவீத ஜிஎஸ்டி 1,200. ‘புதுச்சேரி பர்மிட்’ என்று, அதாவது வாடகை வண்டி எல்லை தாண்டி அங்கே நுழைவதற்கான அனுமதிக்கு என்று, தனியாக 1,500. மொத்தம் 26,700 ரூபாயில் 15,000 ரூபாயை அங்கேயே கியூஆர் கோடை ஸ்கேன் செய்து கட்டினேன். பணம் போய்ச் சேர்ந்த பெயர் நிறுவனத்தின் பெயராக இல்லாமல் ஒரு பெண்மணியின் பெயராக இருந்ததைப் பார்த்தேன். ‘வீட்டம்மா கணக்குதான் மேடம்’ என்றார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அவர் கொடுத்த தாளின் தலைப்பில் ‘மதிப்பீடு’ என்று அச்சிட்டிருந்ததே தவிர ரசீது என்று இல்லை. ஜிஎஸ்டி வாங்கியவர் தம்முடைய ஜிஎஸ்டி எண்ணை எங்கும் குறிப்பிடவில்லை. விடுதியின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘பீச் வியூ பிராப்பர்ட்டி, பாண்டி’ என்று மட்டும் இருந்தது. ஒரு குண்டூசி வாங்கினாலும் பில் கேட்கும் பெண் நான். அன்றைக்கு ஏன் கேட்கவில்லை என்று இப்போதும் எனக்கே விளங்கவில்லை. மீதி 11,700 ரூபாயைப் புறப்படுவதற்கு முந்தைய நாள் மாலையில் கட்டியும் விட்டேன்.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கார் வந்தது. இருட்டில் ஏறி அமர்ந்துவிட்டோம். சிட்டம்பட்டி சுங்கச்சாவடியைத் தாண்டியதும், பாஸ்டேக்கில் பணம் குறைவாக இருக்கிறது என்று ஓட்டுநர் தம்பி ஐந்நூறு ரூபாய் கேட்டு வாங்கிக்கொண்டார். சுங்கக் கட்டணம் காருக்கான தொகைக்குள் அடக்கம் என்று முகவர் சொல்லியிருந்தார். துவரங்குறிச்சியில் தேநீர் குடிக்க இறங்கியபோது நன்றாக விடிந்திருந்தது. அம்மா காரின் முன்னால் போய் நின்று எண் பலகையைப் பார்த்தார். வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. என் தந்தையார் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்தவர் என்பதால், பர்மிட், எப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) போன்ற சொற்கள் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்திலும் புழங்கியவை. ‘ஏம்ப்பா, இது சொந்த வண்டிதானே? வெள்ளைப் போர்டுக்கு ஏது பர்மிட்?’ என்று அம்மா கேட்டதும் அந்தத் தம்பி தலையைச் சொறிந்தார்.

இதைப் படிப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ஓட்டுநரோடு வாடகைக்கு வரும் காரின் எண் பலகை பொதுவாக மஞ்சளாகவும் எழுத்து கறுப்பாகவும் இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை உள்ள வண்டி சொந்த உபயோகத்துக்கு மட்டும் பதிவானது. அதைக் காசு வாங்கிக்கொண்டு பயணிகளுக்கு ஓட்டுவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்துக்கு மாறானது. வழியில் விபத்து ஏதும் நேர்ந்து, வாடகைக்கு ஓடிய வண்டி என்பது தெரிந்தால், காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு தர மறுக்கக்கூடும். முந்நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நான்குவழிச் சாலையில், வயதான தாயாரோடு, அப்படியொரு வண்டியில்தான் நான் சென்றுகொண்டிருந்தேன். பர்மிட் எடுக்கவே முடியாத வண்டிக்கு என்னிடம் பர்மிட் பணமாக 1,500 ரூபாய் வாங்கியிருக்கிறார் என்பதை நினைத்தால் ஆத்திரத்தைவிடச் சிரிப்புதான் முந்திக்கொண்டு வருகிறது.

விழுப்புரம் தாண்டிப் புதுச்சேரிக்குள் நுழைந்த கார் கடற்கரைச் சாலைக்குப் போகாமல் வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பியது. கோட்டக்குப்பம் போனது, பெரியமுதலியார்சாவடியும் போனது. ‘எங்கேப்பா போறோம்?’ என்று கேட்டால், ‘எனக்கு லொகேஷன் இதுதான் அனுப்பியிருக்காங்க அக்கா’ என்று கைபேசியைக் காட்டினார். பொம்மையார்பாளையம் தாண்டி ஒரு மண்பாதையில் நுழைந்து, சவுக்குத் தோப்பின் ஓரமாக நின்ற மூன்று மாடிக் கட்டடத்தின் முன் இறக்கிவிட்டார். எங்களுக்கு ஒதுக்கியிருந்த அறை மூன்றாம் மாடியில் இருந்தது. லிப்ட் கிடையாது. அம்மா ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி, கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு ஏறி முடிக்க இருபது நிமிடம் ஆயிற்று. சன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. கடல் எங்கே என்று கேட்டதற்கு, மொட்டை மாடிக்குப் போனால் நன்றாகத் தெரியும் என்றார் விடுதிப் பையன். நான் மட்டும் கீழே இறங்கிக் கடலோரம் வரை நடந்து போய்ப் பார்த்தேன். அங்கே கால் நனைக்க மணலே இல்லை. கடல் அரிப்பைத் தடுக்கப் பாறாங்கற்களைக் குவித்து வைத்திருந்தார்கள். அவற்றின் மேல் அம்மா கால் வைக்க வழியில்லை.

மாலையில் விடுதி மேலாளர் அழைத்து, மறுநாள் வாடகையைக் கட்டச் சொன்னபோதுதான் முழுக் கதையும் வெளியே வந்தது. முகவர் தொலைபேசியில் கேட்டது சாதாரண அறை. கட்டியது ஓர் இரவுக்கு மட்டும், 1,800 ரூபாய். இரண்டாம் இரவுக்கு அறையே பதிவாகவில்லை. நான் பில்லைக் கேட்டு வாங்கினேன். மேலாளரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் ஒன்றையும் மறைக்காமல் எடுத்துக் கொடுத்தார். பில்லில் ஜிஎஸ்டி எண் 33 என்று தொடங்கியது. நான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவள் ஆகையால் அந்த இரண்டு இலக்கங்கள் உடனே கண்ணில் பட்டன. பதினைந்து இலக்க ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டும் மாநிலத்தைக் குறிப்பவை: தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. அதாவது, 26,700 ரூபாய் கட்டிப் புதுச்சேரியில் தங்கப் போன நான் விழுப்புரம் மாவட்டத்தில் படுத்திருந்தேன். (இதற்கும் வடக்கே போனால் காலாப்பட்டு மறுபடியும் புதுச்சேரிக்குள் வரும். அந்த யூனியன் பிரதேசத்தின் எல்லை அப்படித் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது. ஆகவே ‘பாண்டி’ என்ற ஒரு சொல்லை நம்பி யாரும் பணம் கட்டக் கூடாது.)

முகவருக்குப் பலமுறை அழைத்தேன், எடுக்கவில்லை. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில், ‘சீசன் டைம் மேடம், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க’ என்று ஒரு வரி வந்தது. சிறிது நேரத்தில், முன்பு அனுப்பிய பால்கனிப் படத்தையும் விலை விவரத்தையும் அவர் அழித்துவிட்டார். அந்தப் படம் அதற்குள் என் கைபேசியின் கேலரியில் சேர்ந்திருக்கும் என்பதை அவர் மறந்துவிட்டார் போலும். அம்மாவும் தொகைகளையெல்லாம் தம் நாட்குறிப்பில் தேதியோடு எழுதி வைத்திருந்தார்.

மறுநாள் காலையில் அந்த இடத்தைக் காலி செய்துவிட்டு ஊருக்குள் வந்து, வைசியாள் வீதிப் பக்கம் ஒரு சிறு தங்கும் விடுதியில் தரைத்தளத்தில் அறை எடுத்தோம். வாடகை 3,200 ரூபாய். முதலிலேயே நானே இதைச் செய்திருக்கலாம். அன்று பகலில் மாத்ரி மந்திருக்குப் போனபோது, வெளியிலிருந்து பார்க்கும் இடத்துக்கான அனுமதிச் சீட்டை ஆரோவில் பார்வையாளர் மையத்தில் காசே வாங்காமல் கொடுத்தார்கள். முகவரின் பட்டியலில் அதற்குத் தலைக்கு 300 ரூபாய் போட்டிருந்தது. படகுச் சவாரிக்கு ஓட்டுநரிடம் சீட்டும் இல்லை, பணமும் இல்லை. சுண்ணாம்பாறு படகுத்துறைக் கவுண்டரில் நாங்களே வாங்கிக்கொண்டோம். ஈசுவரன் தருமராசா கோயில் தெருவில் உள்ள பாரதி இல்லத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் மாலையாகிக் கதவைச் சாத்திவிட்டார்கள். அம்மா வாசற்படியில் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்தார்.

ஆறு மணிக்குக் கடற்கரைச் சாலைக்குப் போனோம். அம்மா கேட்டு வந்தது அதைத்தான், அது அப்படியே இருந்தது. தடுப்புகளை வைத்துவிட்டார்கள், வண்டி ஒன்றுகூட இல்லை. காந்தி சிலையிலிருந்து பழைய கலங்கரை விளக்கம் பக்கமாக மெல்ல நடந்து, தலைமைச் செயலகத்துக்கு எதிரே சேர்ந்திருக்கும் மணலில் இறங்கிக் கால் நனைத்துவிட்டு, திரும்பி வந்து கல் திட்டில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டோம். அப்போது அம்மா என் தோளைத் தட்டி எதிர்ப்புறம் காட்டினார். வெள்ளைத் தூண்கள், நீலக் கதவு, பால்கனி. முகவர் அனுப்பிய படத்தில் இருந்த அதே கட்டடம். உள்ளே போய் விசாரித்தேன். மதுரையிலிருந்து அப்படி யாரோடும் தங்களுக்குத் தொடர்பில்லை என்றும், அந்தப் படத்தைத் தங்கள் இணையப் பக்கத்திலிருந்து எடுத்திருப்பார்கள் என்றும் வரவேற்பில் இருந்தவர் சொன்னார். அவர்களுடைய தொலைபேசி எண் வாசலிலேயே எழுதியிருந்தது. மதுரையிலிருந்து ஒரே ஒரு முறை அந்த எண்ணுக்கு அழைத்திருந்தால், ‘உங்கள் பெயரில் முன்பதிவு எதுவும் இல்லை’ என்ற பதில் அப்போதே கிடைத்திருக்கும்.

மதுரைக்குத் திரும்பி வந்து முகவரின் அலுவலகத்துக்கு நேரில் போனேன். ‘கடலுக்குப் பக்கம்னு சொன்னோம், பக்கம்தானே?’ என்றார். அறை வாடகையில் 9,200, பர்மிட் 1,500, பில் தராத ஜிஎஸ்டி 1,200, கிடைக்காத சீட்டுகளுக்கு 3,000, ஆக 14,900 ரூபாயைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேட்டேன். பதில் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகாரைப் பதிவு செய்த பிறகு, அவராகவே அழைத்து 4,000 ரூபாய் அனுப்பினார். ‘இதோட முடிச்சுக்குவோம் மேடம்’ என்றார். நான் முடித்துக்கொள்ளவில்லை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும். ‘மதிப்பீடு’ தாள், பணம் கட்டிய விவரம், கேலரியில் இருந்த படம், 33 என்று தொடங்கும் விடுதி பில், காரின் எண் பலகைப் படம், அம்மாவின் நாட்குறிப்புப் பக்கத்தின் நகல் ஆகியவற்றை இணைத்து மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுத்திருக்கிறேன்.

சென்ற வாரம் ஒரு வேலையாக டவுன்ஹால் ரோட்டுக்குப் போனபோது அந்தச் சந்துக்குள் எட்டிப் பார்த்தேன். அலுவலகம் திறந்துதான் இருந்தது. கண்ணாடிக் கதவில் கோடைச் சிறப்புச் சுற்றுலா என்று புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். அதில் அதே வெள்ளைத் தூண்களும் நீலக் கதவும் கொண்ட பால்கனிப் படம் இருந்தது. விலை மட்டும் ஆயிரம் ரூபாய் கூடியிருந்தது.