சூளைக்கு அடியில் எது: கான்கிரீட்டா, ஜல்லியா, ஹாலோ பிளாக்கா?

மண்பாண்டம் சுட 20 கன அடியில் கேஸ் சூளை கட்டப்போகும் நண்பர் கேட்டார்: "அஸ்திவாரத்துக்கு 6 இஞ்ச் கான்கிரீட்டும் 12 எம்எம் கம்பியும் போதுமா?" வீடு கட்டும் மேஸ்திரியிடம் யோசனை கேட்டிருக்கிறார் என்று புரிந்தது. எடை பெரிய சங்கதியே இல்லை. ஃபயர் பிரிக், அதாவது சூடு தாங்கும் செங்கல், ஒன்று ஏறத்தாழ 4 கிலோ. ஆயிரம் கல் என்றாலும் 4 டன்தான். அது 6 அடிக்கு 6 அடியில் பரவும்போது சதுர அடிக்கு 110 கிலோ சொச்சம் வரும். நல்ல செம்மண் தரைக்கு இது ஒரு பாரமா? சூளையின் அஸ்திவாரத்தைக் கெடுப்பவை சூடும் ஈரமும்.

கான்கிரீட் தளத்தின் மேலேயே சூளையை எழுப்புவதுதான் பலரும் செய்வது. மட்டம் சரியாக இருக்கும், எந்தக் கொத்தனாரும் போட்டுத் தருவார். ஆனால் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கான்கிரீட் வலுவிழக்கத் தொடங்கும். 573 டிகிரியில் அதிலுள்ள மணலின் குவார்ட்ஸ் சட்டென்று உப்பும். ஸ்டோன்வேர் என்ற கெட்டிப் பாண்டங்களைச் சுடும்போது சூளைக்குள்ளே 1280 டிகிரி. பர்னரை அணைத்த பிறகும் சூடு பல மணி நேரம் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். தளத்தில் ஈரம் இருந்தால் ஆவியாகி மேற்பரப்பைச் செதில் செதிலாகப் பெயர்க்கும். என் முதல் சூளை இப்படித்தான் விரிசல் கண்டது. கருங்கல் பலகை போடலாமே என்பவர்களுக்கு ஒன்று: பாறையைப் பிளக்க அதன்மேல் விறகை எரிப்பது நம் கல்குவாரிகளின் பழைய உத்தி.

ஜல்லிப் படுகை செலவு குறைந்தது. ஒரு அடி தோண்டி, 40 எம்எம் ஜல்லியை இரண்டு அடுக்காகக் கொட்டி, திமிசு போட்டு இடித்து, மேலே கிரஷர் தூசியைப் பரப்பி மட்டம் பார்த்து, ஓரத்தில் செங்கல் கட்டினால் முடிந்தது. பெரிய ஜல்லிகளின் இடைவெளியில் மண்ணின் ஈரம் மேலேறாது, வெடிக்கக் கான்கிரீட்டும் இல்லை. விறகுச் சூளைக்கு எனக்கு இதுவே பிடிக்கும். ஆனால் கரிசலில் வேண்டாம். மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் மண்ணில் ஒரு பக்கம் அரை இஞ்ச் இறங்கினாலே மேல் வளைவு வாய் பிளந்துவிடும். அங்கே கரிசலைத் தோண்டி எடுத்துவிட்டு கிராவல் நிரப்ப வேண்டும்; மிச்சம் பிடித்த காசு அதிலேயே போய்விடும். பெருச்சாளி தொல்லை உள்ள இடத்திலும் யோசியுங்கள்.

கேஸ் சூளைக்கு என் ஓட்டு ஹாலோ பிளாக்குக்கு. அடியில் பாலிதீன் ஷீட் விரித்து 4 இஞ்ச் கான்கிரீட் தளம். அதன்மேல் 8 இஞ்ச் பிளாக்குகளைப் படுக்கவைத்து, ஓட்டைகள் ஒரே நேராக, இந்தப் பக்கம் பார்த்தால் அந்தப் பக்கம் தெரிகிற மாதிரி அடுக்க வேண்டும். அதற்கு மேல் சூட்டை எளிதில் கடத்தாத இன்சுலேஷன் பிரிக் ஒரு வரிசை, பிறகு ஃபயர் பிரிக். கீழிறங்கும் சூட்டைச் சுரங்கத்தில் ஓடும் காற்று வாங்கிக்கொண்டு போகும், தளம் தப்பிக்கும். சூளையின் தரை உயர்வதால் பானை அடுக்கும்போது முதுகுக்கும் நிம்மதி. பிளாக்குகளுக்கு இடையே கலவை வேண்டாம். இதைக் கொத்தனாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். எனக்கு வந்தவர், "ஸ்ட்ராங்கா இருக்கட்டும் சார்" என்று நான் டீ குடிக்கப் போன நேரத்தில் நாலு ஓட்டைகளை அடைத்துவிட்டார். இரு முனையிலும் கம்பி வலை அடியுங்கள், மழைக்காலத்தில் பாம்புக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது.

சின்ன எலெக்ட்ரிக் சூளைக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. இரும்பு ஸ்டாண்டும் மட்டமான தரையும் போதும்.

எதைத் தேர்ந்தாலும் புகைபோக்கிக்குத் தனி அடித்தளம் போடுங்கள். 12 அடி உயரச் செங்கல் தூண் சின்ன இடத்தில் மொத்த எடையையும் இறக்கும், சூளையைவிட அதிகம் அமுங்கும். இரண்டையும் ஒரே தளத்தில் பிணைத்தால் சேருமிடத்தில் விரிசல் விடும். நடுவே அரை இஞ்ச் இடைவெளி விட்டு, அதில் சூடு தாங்கும் பஞ்சான செராமிக் ஃபைபரைத் திணித்துவிடுங்கள்.