78,000 ரூபாய்க்கு நெடுந்தீவில் ஒன்றரை மணித்தியாலம்: வன்னி ஆக்கள் கவனம்

கோபத்தோடுதான் எழுதுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு நெடுந்தீவுக்குப் போய் வந்தது, இன்று புதன். போன காசு 78,000 ரூபாய். 12 பேர், தலைக்கு 6,500. எங்களை ஏமாற்றின சுற்றுலாப் பக்கத்தின் பெயரைப் போடவில்லை. போட்டால் அதே படங்களைத் தூக்கிக்கொண்டு வேறு பெயரில் வந்து நிற்பார்கள். சமூக வலைத்தளத்தில் ஓடுகிற ஒரு சுற்றுலாப் பக்கம், விளம்பரம் முழுக்க கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆக்களைப் பார்த்து. அவ்வளவு போதும். தீவுக்கு ஒருநாள் போய் வருவதற்கு முழு வழிகாட்டியும் கடைசியில் தருகிறேன்.

விளம்பரத்தில் இருந்தது இது: "ஐலண்ட் குரூஸ். விடிய 4.30க்கு கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்தியில் ஏசி வான். குறிகட்டுவானில் உங்களுக்கென்று தனிப் போட். நெடுந்தீவில் 6 மணித்தியாலம். மீன் சாப்பாடு, ஜீப் சுற்று, லைஃப் ஜக்கெட் எல்லாம் உள்ளடக்கம்." கீழே கண்ணாடி மாதிரிக் கடல், ஒரு வெள்ளைப் போட், வெட்டவெளியில் நாலு குதிரை.

அந்தப் படத்திலேயே பொய் இருந்தது. நாங்கள் போனது ஆடி. சோளகம், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கிற காலத்தில் படகேறுகிற துறையான குறிகட்டுவானுக்கும் நெடுந்தீவுக்கும் நடுவில் கடல் அப்படிக் கிடக்காது. அது பங்குனி, சித்திரையில் எடுத்த படம். கரையோரத்து ஆக்களுக்கு இது சொல்லத் தேவையில்லை. வயலும் குளமுமாய் இருக்கிற எங்களுக்குத்தான் ஒருவர் சொல்லித் தரவேண்டியிருக்கிறது, அதைத் தெரிந்துதான் எங்களிடம் விற்கிறார்கள்.

நம்பின இடத்தைச் சொல்லவேண்டும். முதலில் 40,000 வங்கியில் போட்டோம். போட்டுப் பத்து நிமிடத்தில் ஒரு படம் வந்தது. கோடு போட்ட சீ.ஆர். கொப்பியின் ஒரு பக்கம். மேலே திகதி, கீழே எங்கள் பெயர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக 1 முதல் 12 வரை, நீலப் பேனையில், குண்டு எழுத்தில். சின்னவர்கள் மூன்று பேருக்கும் பக்கத்தில் வயதுகூடப் போட்டிருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சரி அடையாளம். கூடவே ஒரு குரல் பதிவு: "அண்ணை, போட்டுக்காரரிட்ட பேர் குடுத்தாச்சு. அவரே எழுதின கொப்பி இது. இனி நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

அந்தச் சரி அடையாளங்கள்தான் ஏமாற்றின. கையால் எழுதினதைக் கண்டால் எங்களுக்கு ஒரு நம்பிக்கை. கூட்டுறவுக் கடையிலும் சீட்டுக் கொப்பியிலும் வளர்ந்த கண். பெயர்களை அனுப்பினது நாங்கள், அதைப் பார்த்து எழுத எவருக்கும் ஐந்து நிமிடம் போதும் என்று அப்போது ஓடவில்லை. சனி இரவு மிச்சம் 38,000 கேட்டார்கள், "போட்டுக்கு டீசல் அடிக்கவேணும்" என்று. அதையும் போட்டோம். மொத்தம் 78,000, ஒரு பற்றுச்சீட்டும் இல்லை.

வான் 4.30க்கு வரவில்லை. 6.40க்கு வந்தது. ஏசி இல்லை, அதை விடுவோம். இந்த இரண்டு மணித்தியாலம் ஏன் முழுநாளையும் சாப்பிட்டது என்பதைப் பாருங்கள். கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் ஏ9 ஆல் ஏறக்குறைய 65 கிலோமீற்றர். அங்கிருந்து பண்ணைப் பாலம், வேலணை, புங்குடுதீவு என்று குறிகட்டுவானுக்கு இன்னும் முப்பதுக்கு மேல். நிற்காமல் போனாலே இரண்டரை மணித்தியாலம் எடுக்கும். சாரதி சாவகச்சேரியில் 25 நிமிடம் தேத்தண்ணிக்கு நிறுத்தினார். "சங்குப்பிட்டியால விட்டிருந்தா வெள்ளன வந்திருக்கலாம்" என்று பிறகு சொன்னார். அதுவும் கதை. 2011 இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலம் பூநகரி, மன்னார்ப் பக்கத்து ஆக்களுக்குக் குறுக்குவழி. கிளிநொச்சி நகரத்திலிருந்து பரந்தனுக்குப் போய்த் திரும்பிப் போகிறவருக்கு நேரத்தில் பெரிய லாபம் கிடையாது.

துறையில் இறங்கும்போது 9.45. காலைப் படகு போய்விட்டது. அந்தப் படகில்தான் தீவில் படிப்பிக்கிற ஆசிரியர்களும் அலுவலகக்காரரும் ஊர்ச்சனமும் போவார்கள். அது ஊருக்கான படகு, சுற்றுலாவுக்கு வருகிற வானைப் பார்த்துக்கொண்டு நிற்காது, நிற்கவும் கூடாது.

சரி, எங்களுக்குத்தானே தனிப் போட். சாரதிக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது, அவரை ஓட்டத்துக்கு மட்டும் பிடித்திருக்கிறார்கள். பக்கக்காரரின் நம்பருக்கு எடுத்தால் மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. கைத்தொலைபேசியில் இருந்த வெள்ளைப் போட்டின் படத்தைத் துறையில் நின்ற ஒரு ஐயாவிடம் காட்டினோம். கையில் வாங்கி, விரலால் பெரிசாக்கிப் பார்த்தார். கூரையையும் ஓரத்து வாங்குகளையும் காட்டிச் சொன்னார்: "தம்பி, இது நயினாதீவுப் போட். இது அங்கால போகாது."

விஷயம் இதுதான். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் ஏறுகிற துறை ஒன்று, கடல் இரண்டு. நயினாதீவு கிட்ட, இருபது நிமிடம், தீவுகளின் மறைப்பில் போகிற பாதை. நாகபூசணி அம்மனுக்கும் நாகவிகாரைக்கும் சனம் ஓயாது, அதனால் போட்டுகளும் வந்து போய்க்கொண்டே இருக்கும். நெடுந்தீவு ஒரு மணித்தியாலம், அதில் பெரும்பகுதி திறந்த கடல். சோளகத்தில் பக்கவாட்டு அலை அடிக்கும். படகுகளும் குறைவு, போய்வருகிற தடவையும் குறைவு. பக்கம் வைத்திருப்பவர் குறிகட்டுவானில் நின்று கண்ணில் பட்ட போட்டைப் படம் எடுத்திருக்கிறார், அவ்வளவுதான். அந்தப் போட்டுக்காரருக்கு எங்கள் பெயர்களும் தெரியாது, கொப்பியும் தெரியாது.

11 மணி கழித்து ஒரு பொதுப் படகு போனது. அதற்கான காசை நாங்களே கொடுத்தோம். நெடுந்தீவின் மாவிலித்துறையில் கால் வைக்கும்போது 12.20. திரும்புகிற கடைசிப் படகு 2.30 என்றார்கள். 2.30 படகுக்கு 2.30க்கு வந்து ஏறமுடியாது, ஊர்ச்சனம் ஏறின பிறகுதான் எங்களுக்கு இடம், ஆகவே 2 மணிக்குத் துறையில் நிற்கவேண்டும். ஜீப் இல்லை. பிக்கப் ஒன்று பேசிப் பிடிக்கப் பத்து நிமிடம். மிச்சம் ஒன்றரை மணித்தியாலம். 78,000 ரூபாய்க்கு ஒன்றரை மணித்தியாலம்!

நெடுந்தீவு கிட்டத்தட்ட 8 கிலோமீற்றர் நீளம், 6 கிலோமீற்றர் அகலம். வரைபடத்தில் சின்னன், வெயிலில் பெரிசு. குதிரை மேய்கிற வெட்டவெளி தெற்குப் பக்கம், குவிந்தாக் கோபுரம் என்கிற பழைய கடல் அடையாளக் கோபுரம் தென்முனையில், நாங்கள் இறங்குகிற துறை வடக்கில். ஆடி வறட்சியில் குதிரைகள் தண்ணி உள்ள பக்கம் ஒதுங்கிவிடும், உள்ளூர் ஓட்டுநருக்குத்தான் எங்கே என்று தெரியும். எங்களுக்குக் கிடைத்தது கோட்டை இடிபாடு, புறாக்கூடு, பெருக்குமரம் (பாவோபாப்), போகிற வழியில் பவளக்கல் அடுக்கின வேலிகள். கோட்டைச் சுவரில் கல்லோடு கல்லாய்ப் பவளப்பாறையின் துளைகள் தெரியும், அதைக் கிட்டப் போய்ப் பார்க்கவே அரை மணித்தியாலம் வேண்டும். ஓட்டுநர் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றார், பிழை சொல்லமாட்டேன், எங்களைக் கொண்டுவந்து படகில் ஏற்றினதே அவர்தான். மீன் சாப்பாடு இல்லை. சிறுவர்கள் பிஸ்கட் சாப்பிட்டார்கள். தண்ணீர் முடிந்துவிட்டது. அங்கே பல கிணறுகள் உவர், கண்ட கிணற்றில் அள்ளிக் குடிக்கமுடியாது. பிக்கப், தண்ணீர், படகு என்று கைக்காசு இன்னும் 11,400.

இப்போது ஆறுதலாகக் கணக்குப் பார்த்தால், அந்த "6 மணித்தியாலம்" பொதுப் படகில் எந்த நாளும் வராது. காலைப் படகைப் பிடித்து 9.30க்கு இறங்கினாலும், 2 மணிக்குத் துறைக்குத் திரும்பவேண்டும் என்றால் நாலரை மணித்தியாலம். இதைக் காசு கட்டமுதல் ஒரு கடதாசியில் போட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

"குரூஸ்" என்ற சொல்லுக்கும் ஒன்று சொல்கிறேன், வெளிநாட்டுச் சொந்தங்கள் வாசித்தால் உதவும். உண்மையான பயணிகள் கப்பலில் போய் ஒரு தீவில் ஒருநாள் இறங்குகிறவருக்கும் இதே கணக்குத்தான். கப்பல் 5 மணிக்கு வெளிக்கிடும் என்றால், எல்லோரும் ஏறியிருக்கவேண்டிய நேரம் வழமையாக அதற்கு அரை மணி, ஒரு மணி முந்தி. கப்பல் கட்டுகிற துறை இல்லாத தீவில் சின்னப் படகில் ஏற்றி இறக்குவார்கள், அந்த வரிசையிலேயே நேரம் கரையும். கப்பல்காரர் விற்ற சுற்றுலா பிந்தினால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். வெளியில் மலிவாகப் பிடித்த வான் பிந்தினால் கப்பல் போய்விடும், அடுத்த துறைக்கு உங்கள் காசில்தான் போகவேண்டும். சில கப்பல்களின் மணிக்கூடும் கரையின் மணிக்கூடும் வேறு, எந்த மணிக்கூட்டுக்குத் திரும்பவேண்டும் என்று இறங்கமுதல் கேட்டுக்கொள்ள வேண்டும்.

திங்கள் தொடக்கம் நடந்தது இது.

திங்கள் காலை: "அண்ணை, நேற்று நெட்வேர்க் இல்லை." குறிகட்டுவானில் நின்று நாங்கள் எடுத்தபோது மணி போனது என்றோம். "பாத்திட்டுச் சொல்லுறன்."

திங்கள் பின்னேரம்: "காத்துக் காரணமாப் போட் ஓடேல்ல. இயற்கைக்கு நாங்கள் பொறுப்பில்லை." பொதுப் படகு ஓடினது, நாங்களே அதில் போனோம், படம் இருக்கிறது. அனுப்பினோம். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை.

செவ்வாய்: வேறொரு குரல், ஒரு தங்கச்சி. "காசு போட்டுக்காரருக்குக் கட்டியாச்சு அண்ணா, அவர்தான் திருப்பித் தரவேணும்." எந்தப் போட்டுக்காரர், பெயர் என்ன, நம்பர் என்ன? "சேரிட்டக் கேட்டுச் சொல்லுறன்." சேர் கொழும்பில். சேர் கூட்டத்தில். சேருக்குக் காய்ச்சல்.

செவ்வாய் இரவு ஒரு படம் அனுப்பினார்கள், "எமது நிபந்தனைகள்". 48 மணித்தியாலத்துக்குள் ரத்துச் செய்தால் காசு திரும்பாதாம். நாங்கள் எங்கே ரத்துச் செய்தோம்? நாங்கள் விடியப்புறம் 4.15க்கே சந்தியில் நின்ற ஆக்கள். வேண்டுமென்றால் அடுத்த பயணத்தில் 20 வீதம் கழிவு தருகிறார்களாம். 78,000 ரூபாயை விழுங்கிவிட்டு இன்னொரு தடவை வா என்கிறார்கள்.

இன்று காலை பக்கத்தின் கீழே நடந்ததை எழுதினோம், மூன்று வரி, ஒரு கெட்ட சொல் இல்லை. ஏழு நிமிடத்தில் அழித்து, எங்களைத் தடுத்துவிட்டார்கள். மனைவியின் தொலைபேசியில் பார்த்தால் பக்கம் அப்படியே இருக்கிறது. அதே வெள்ளைப் போட், புதுத் திகதி, "சில இடங்களே எஞ்சியுள்ளன".

முழு வழிகாட்டி தருகிறேன் என்றேன். இப்போதைக்குக் கைக்கு வருவதை எழுதுகிறேன்.

கடைசிப் படகிலிருந்து பின்னுக்கு எண்ணுங்கள், முதல் படகிலிருந்து முன்னுக்கு எண்ணவேண்டாம். படகு நேரம் மாறும், முதல்நாள் தீவிலோ துறையிலோ உள்ள ஆளிடம் கேளுங்கள், விளம்பரத்தில் இருப்பதை நம்பாதேங்கோ. தனிப் போட் என்றால் போட்டுக்காரரின் நம்பரை வாங்கி நீங்களே எடுத்துப் பேசுங்கள், அவர் வாயால் உங்கள் திகதியைச் சொல்லவேண்டும். எத்தனை லைஃப் ஜக்கெட், அதில் சின்னப்பிள்ளை அளவு எத்தனை என்றும் கேளுங்கள், பெரியவரின் ஜக்கெட் பிள்ளையின் தலையால் கழன்றுபோகும். முழுக்காசும் முதலே கட்டாதேங்கோ, பாதியைத் தீவில் இறங்கின பிறகு கொடுங்கள், ஒத்துக்கொள்ளாதவர் வேண்டாம். தீவில் தூரமானதை முதலில் பாருங்கள், துறைக்குக் கிட்டவுள்ளது கடைசிக்கு. ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், தொப்பி, சோத்துப் பார்சல். தெற்குப் பக்கம் நிழல் கிடையாது. சோளகத்தில் வயதான ஆக்களையும் கைக்குழந்தையையும் கூட்டிப் போகவேண்டாம். கொப்பிப் படம் பற்றுச்சீட்டு ஆகாது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 ஐ எடுத்தோம், எழுத்திலும் தரச் சொன்னார்கள். பொலிசிலும் கொடுக்கவேண்டும். இரண்டு வங்கிச் சிலிப்பும் குரல் பதிவுகளும் இருக்கின்றன. வேறு எவராவது இதே கொப்பிப் படத்தை வாங்கியிருந்தால் கீழே சொல்லுங்கள், எங்கள் திகதியையும் உங்கள் திகதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், கையெழுத்து ஒன்றா என்று. மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன், போட்டோக் கொப்பிக் கடை பூட்டமுதல் போகவேண்டும்.