‘டினா’ பட்டர்வார்ட்: வாங்கலாமா?

தொட்டி மண்ணிலிருந்து கிளம்பும் பொடி ஈக்கள் தொல்லை தாங்காமல் ஆன்லைனில் வாங்கிய செடி இது. பட்டர்வார்ட் என்பது இலையில் பூச்சிகளைப் பிடித்து உண்ணும் செடி. ‘டினா’ அதில் மெக்ஸிகோ இனங்கள் இரண்டைக் கலந்து உருவாக்கிய ரகம். செடிக்குத் தாராளமாக ஐந்து நட்சத்திரம் தருவேன், கடைக்கு மூன்றுதான்.

இலையைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். குட்டிக் காம்புகளின் நுனியில் பசைத்துளிகள் மினுங்கும். ஈ உட்கார்ந்தால் அவ்வளவுதான். காம்பில்லாத வேறு சுரப்பிகள் செரிமான நீரை விட, ஈயைச் சுற்றி ஈரமாகிவிடும். சில நாளில் கறுப்புக் கூடு மட்டும் மிஞ்சும். ஊதா நிறப் பூ வேறு, அத்தனை அழகு!

கடைக்காரர் நன்றாகப் பொதிந்துதான் அனுப்பினார். ஆனால் கூடவே வந்த சீட்டில் ‘வாரம் ஒருமுறை திரவ உரம்’ என்று இருந்தது. தயவுசெய்து ஊற்றாதீர்கள். சத்தில்லாத இடத்தில் வளரும் செடி, வேருக்கு உரம் போட்டால் கருகிவிடும். போர்வெல் தண்ணீரும் ஆகாது. மழைநீர் அல்லது ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். பெர்லைட்டும் (எடை குறைந்த வெள்ளைக் கல் துகள்) கழுவிய மணலும் கலந்து மாற்றி நட்டேன். கிழக்கு ஜன்னலில் காலை வெயிலோடு சரி, மதிய வெயில் வேண்டாம்.

குளிர்காலத்தில் இலைகள் சின்னதாகி, பசையில்லாமல் தடித்துப்போகும். செடி செத்துவிட்டதென்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அது ஓய்வெடுக்கும் பருவம். தண்ணீரை மட்டும் குறையுங்கள். அப்போது அடியோடு கிள்ளிய ஓர் இலையை ஈர மணலில் வைத்தால் புதுச் செடி முளைக்கும்.