மோடல் வெர்ப்: அட்டவணையா, ஜோடியா?

கேன் என்றால் முடியும், மே என்றால் லாம், மஸ்ட் என்றால் வேண்டும். இப்படி வினைக்கு முன்னால் வந்து நிற்கும் ஆங்கிலத் துணைவினைகள்தான் மோடல். வேலூர் இன்னும் வட ஆற்காடு மாவட்டமாக இருந்த காலத்தில், அதாவது 1989-க்கு முன்னால், பள்ளியில் எனக்குக் கிடைத்தது இந்த அட்டவணைதான். இருபது வருடம் அதை வைத்தே ஓட்டினேன். இப்போது வேலூர் சத்துவாச்சாரியில் மாலை வேளையில் லாட்ஜ், மெடிக்கல் ஷாப் பையன்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். மோடலைத் தனியாகக் கொடுப்பதே இல்லை. ஒரு அட்வெர்ப் (டெஃபினட்லி, ஹார்ட்லி போன்ற வினையடை), இல்லை ஒரு ப்ரெபொசிஷன் (பை, டில் போன்ற முன்னிடைச்சொல்), ஏதாவது ஒன்றோடு சேர்த்து ஜோடியாகத்தான்.

அட்டவணைக்கு உள்ள நல்லது எல்லாருக்கும் தெரியும். ஒரே நாளில் முடிந்துவிடும், நோட்டில் ஒரு பக்கம்கூட வராது, கோடிட்ட இடத்தை நிரப்ப அது போதும். சரி, அதை விடுங்கள்.

எனக்கு அது காலை வாரிய இடம் ராணிப்பேட்டை. ஷூ ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர்களுக்குக் கடிதம் எழுதும் வேலை. ஒருமுறை "வி மே டெஃபினட்லி ஷிப் ஆன் மண்டே" என்று எழுதிவிட்டேன். மனதில் ஓடியது 'திங்கட்கிழமை கண்டிப்பா அனுப்பிடலாம்' என்பது. தமிழில் அதில் ஒரு குறையும் இல்லை. 'லாம்' வந்தாலும் கண்டிப்பு கெடாது. பையரிடமிருந்து ஒற்றை வரியில் பதில்: மே-யா, டெஃபினட்லி-யா? ஆங்கிலத்தில் மே சந்தேகத்தின் பக்கம் நிற்கிற சொல். அதோடு பாசிப்லி சேர்ந்தால் இரண்டும் ஒரே பக்கம் இழுக்கும். டெஃபினட்லி சேர்ந்தால் வண்டிக்கு முன்னால் ஒரு மாடு, பின்னால் ஒரு மாடு. மொழியியலாளர் மைக்கேல் ஹாலிடே இந்த ஒத்துப்போதலையும் மோதலையும் 1970-லேயே எழுதிவிட்டார். எனக்குத் தெரிய பையர் தேவைப்பட்டார். அதே மே-யோடு வெல் சேர்த்து 'மே வெல்' என்றால் நடக்க நிறையவே வாய்ப்பு இருக்கிறது என்று அர்த்தம் மாறிவிடும். அட்டவணையில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

ஆனால் நான் பக்கம் மாறியதற்கு முக்கியக் காரணம் வேறு. மோடலுக்கும் வினைக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடம்.

காந்தி ரோடு பக்கம் மெடிக்கல் ஷாப்பில் நிற்கும் ஒரு பையன். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வங்காளத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவர், இந்தியில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், முழங்காலைக் காட்டி "ஐ கேன் ஹார்ட்லி வாக்" என்றிருக்கிறார். இவன் தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டான். ஏண்டா என்றேன். "கேன் வாக்னுதானே சார் சொன்னாரு? அப்போ நடக்க முடியுது!" அட்டவணைப்படி அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பெரியவர் சொன்னது நடப்பதே பெரும்பாடு என்று. நடுவில் உட்கார்ந்திருந்த ஹார்ட்லி மொத்த வாக்கியத்தையும் கவிழ்த்தது அவன் காதில் விழவே இல்லை.

அன்றைக்குத்தான் நம் தமிழிலும் அந்த இடம் இருப்பது உறைத்தது. வரலாம் என்பதில் ஊசி நுழையாது. ஆனால் வர முடியாது என்பதை 'வரவே முடியாது' ஆக்குகிறோம். வர வேண்டும் என்பது 'வரத்தான் வேண்டும்' ஆகிறது. ஓர் ஏ, ஒரு தான், அவ்வளவுதான். நாம் ஓர் எழுத்தில் முடிக்கிற வேலைக்கு ஆங்கிலத்தில் ஒரு முழு அட்வெர்பைக் கொண்டுவந்து அங்கே உட்கார வைக்கிறார்கள். இதைச் சொன்னதும் பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். 'கான்ட் பாசிப்லி' என்றால் முடியவே முடியாது. 'கேன் ஹார்ட்லி' என்றால் முடிவதே பெரும்பாடு.

இடம் ஓரடி தள்ளினால் பொருளும் தள்ளிப்போகிறது. "ஐ ரியலி கான்ட் சே" என்றால் என்னால் சொல்லவே முடியாது. "ஐ கான்ட் ரியலி சே" என்றால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. சொற்கள் அதேதான். ப்ராபப்லி இன்னும் வேடிக்கை: அநேகமாக வருவேன் என்றால் "ஐ வில் ப்ராபப்லி கம்", அநேகமாக வரமாட்டேன் என்றால் அது வோன்ட்டுக்கு முன்னால் தாவி "ஐ ப்ராபப்லி வோன்ட் கம்". இதை விதியாகச் சொன்னால் இரண்டு நாளில் மறந்துவிடுகிறது. இரண்டு வாக்கியமாக வாய்க்குப் பழகினால் நிற்கிறது.

ப்ரெபொசிஷன் பக்கம் நம் ஊர்த் தப்பு ஒன்று உண்டு. "யூ மஸ்ட் வெக்கேட் வித்தின் ட்வெல்வ் ஓ க்ளாக்." பன்னிரண்டு மணிக்குள், இரண்டு மணி நேரத்துக்குள், எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே 'உள்'. ஆங்கிலத்தில் கால அளவுக்கு வித்தின், கடிகார மணிக்கு பை. அப்புறம் டில் வேறு இருக்கிறது: மஸ்ட் வெக்கேட் பை ட்வெல்வ், கேன் ஸ்டே டில் ட்வெல்வ். பையா டில்லா என்று முடிவு செய்வது மோடல் அல்ல, பின்னால் வரும் வினை; தங்குவது நீளும், காலி செய்வது ஒரு கணத்தில் முடியும். ஆனாலும் மூன்றையும் ஒரே மூச்சில் கற்றால் கவுண்டரில் யோசிக்க வேண்டியதில்லை.

லிஃப்ட் ரிப்பேரானபோது "யூ கான்ட் யூஸ் த லிஃப்ட் ஃபார் அன் அவர்" என்று ஒருவன் எழுதி ஒட்டினான். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு லிஃப்ட் ஓடாது என்பதும் அதுதான், ஒரு மணி நேரமெல்லாம் லிஃப்ட்டைப் பிடித்து வைத்திருக்கக் கூடாது என்பதும் அதுதான். 'ஃபார் அன் அவர்' என்பதை முன்னால் தூக்கிப் போடச் சொன்னேன், முதல் அர்த்தம் மட்டும் நின்றது.

ஜோடி முறையில் குறை இல்லாமல் இல்லை. மெதுவாகத்தான் போகும். மாதத்துக்குப் பதினைந்து ஜோடி தாண்டுவதில்லை. கற்றதை எங்கேயும் வீசிவிடுவார்கள் என்ற பயமும் உண்டு. 'மைட் ஆஸ் வெல்' என்பதற்கு நம் 'பேசாம' தான் பொருத்தம் என்றேன்: பஸ் வரவில்லை, பேசாம நடந்தே போயிடலாம். மறுநாளே ஒருவன் லாட்ஜுக்கு வந்தவரிடம் "யூ மைட் ஆஸ் வெல் பே நவ்" என்றிருக்கிறான். பேசாம பணத்தைக் கட்டிடு என்று கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு எது நல்லது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எனக்கு வாய்த்தவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியை அவள் அம்மா கூட்டிக்கொண்டு வந்தபோது, பக்கத்துத் தெரு டீச்சரிடம் அனுப்பிவைத்தேன். அவர் அட்டவணைக்காரர். போன வாரம் அந்தப் பெண் வாசலில் நின்று, "சார், இந்த ரியலியை எங்கே போடணும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.