மூன்று சித்திரை கண்ட கூலிங் வெஸ்ட்

போன கிழமை மகனுடைய கூலிங் வெஸ்டின் சிப் பிய்ந்துவிட்டது. பிறப்பிலிருந்தே வேர்க்காத அவன், உடம்பைக் குளிர வைக்கப் போடுகிற கையில்லாச் சட்டை அது. கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு தையல்காரரிடம் கொடுத்து மாற்றி, துவைத்துக் கொடியில் போட்ட அன்றைக்கே ஒரு தங்கச்சி கேட்டாள்: “அக்கா, அண்ணாவுக்கு நாலைஞ்சு மாசமா வேர்க்கிறதே இல்லை. வெய்யிலுக்க போனா உடம்பு அனலாக் கொதிக்குது. தம்பி போடுற வெஸ்ட் இப்ப விலை குறைஞ்சிருக்கு. வாங்கட்டோ?”

வாங்கு, வாங்காதே என்று ஒரு சொல்லில் முடிக்கப் பார்த்தேன். முடியவில்லை. அதனால் மூன்று வருஷம் பாவித்த கதையை இங்கே எழுதுகிறேன்.

தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து போடுகிற வகை எங்களுடையது. ஐஸ் பை வைக்கிற வகை வேறு. கனடாவிலிருந்து மச்சாள் அனுப்பினாள். வந்தது ஆனி மாதம், சோளகக் காற்று வீட்டு ஓட்டைத் தூக்குகிற மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. கிணற்றுத் தண்ணீரில் ஐந்து நிமிஷம் ஊறவைத்துப் போட்டுவிட்டேன். ஒழுங்கையில் மற்றப் பெடியளோடு முக்கால் மணித்தியாலம் கிரிக்கெட் விளையாடினான். அதற்கு முன்பு பத்து நிமிஷத்துக்கு மேல் அவனை நான் வெளியே விட்டதில்லை. கூப்பிட்டுத் தெர்மோமீட்டர் வைத்தேன், 37.3. இன்னொருக்கால் வைத்தேன், அதேதான். கிணற்றடியில் இருந்து அழுதேன். அந்தப் பின்நேரத்துக்காக இந்த வெஸ்டுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் போதாது.

பிறகு சித்திரை வந்தது.

புதுவருஷத்தை ஒட்டிய நாட்களில் யாழ்ப்பாணத்தில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். வாடையும் ஓய்ந்திருக்கும், சோளகமும் தொடங்கியிராது. முற்றத்து வேப்பிலை ஒன்றுகூட அசையாது. சுற்றிவரக் கடல் என்பதால் காற்று முழுக்க ஈரம். அப்படி ஒரு மத்தியானம் ரியூசனால் வந்தவன் வாசற்படியிலேயே குந்திவிட்டான். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. வெஸ்டுக்குள் கையை விட்டேன். ஒத்தடம் கொடுக்கிற துணி மாதிரி வெதுவெதுப்பான ஈரம். காலையில் ஊறவைத்த தண்ணீர் அப்படியே உள்ளே இருந்தது. உடம்புச் சூடு 38.9. கழற்றி எறிந்துவிட்டு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி, ஈரத்தோடு பேனுக்கு முன்னால் இருத்தினேன். அரை மணித்தியாலத்தில் தணிந்தது.

என் கோபமெல்லாம் இதில்தான். ஒரு லீற்றர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். வேர்வை செய்கிற வேலையும் அதுதான், வெஸ்ட் செய்கிற வேலையும் அதுதான். ஆவியாகாத தண்ணீர் எதையும் கொண்டுபோகாது, சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அப்படியென்றால், பிள்ளைக்கு ஆகக் கூடத் தேவைப்படுகிற நாளில்தான் இது கைவிடுகிறது. பெட்டியில் ‘வெப்பமான நாட்களுக்கு’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ‘காற்று வேண்டும், வரண்ட காற்று வேண்டும்’ என்று ஒரு வரி போட்டிருந்தால் அந்த மத்தியானம் எங்களுக்கு வந்திராது. மூன்று சித்திரையிலும் இதே கதைதான். மூன்றாவது வருஷமும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை.

இன்னொன்று, சொட்டுகிறது. எவ்வளவு பிழிந்தாலும் முதல் கால் மணித்தியாலம் கீழ் விளிம்பால் சொட்டும். பள்ளிக்கூடத்தில் இருக்கிற வாங்கு நனைந்து, பக்கத்துப் பிள்ளைகள் வேறு மாதிரிச் சொல்லி, ஒரு தவணை முழுக்க அதைப் போடமாட்டேன் என்று நின்றான். வெள்ளைச் சட்டைக்கு உள்ளே போடச் சொல்லி அங்கே ஒருவர் வற்புறுத்தினார். சட்டை மூடிய பிறகு ஈரம் எங்கே போகும்? விளக்கிச் சொல்ல நான் மூன்று தரம் போகவேண்டி வந்தது.

மகனுக்குப் பிறப்பிலேயே வேர்வைச் சுரப்பிகள் இல்லை என்று சொல்கிற அளவுக்குக் குறைவு. எக்டோடெர்மல் டிஸ்பிளேசியா என்று பெயர். கைக்குழந்தையாக இருந்தபோது மாதத்துக்கு இரண்டு தரம் ‘காய்ச்சல்’. இரத்தம் எடுப்பார்கள், டெங்கு இல்லை என்பார்கள், அன்ரிபயோட்டிக் தருவார்கள். பரசிற்றமோல் கொடுத்தால் இறங்காது, தண்ணீரில் நனைத்தால் இறங்கும். அது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மூளை சூட்டைக் கூட்டி வைப்பதுதான் காய்ச்சல். அதைத்தான் பரசிற்றமோல் குறைக்கும். இவனுக்கு உள்ளே இருந்த சூடு வெளியேற வழியில்லாமல் நின்றது. அம்மாதான் முதலில் கண்டுபிடித்தா. “பிள்ளையின்ர தலகணி ஒருநாளும் நனைஞ்சதில்லையடி” என்றா. பிறகு முளைத்த பல்லு இரண்டும் ஊசி மாதிரிக் கூராக வந்தன. மயிரும் ஐதாக இருந்தது. பல் வைத்தியர் ஒருவர் வாயைப் பார்த்த உடனே தோல் வைத்தியரிடம் அனுப்பினார்.

அங்கே என் முதுகையும் சோதித்தார்கள். அயடீன் பூசி, காயவிட்டு, மேலே மாப்பொருள் தூவி, வெக்கையான அறையில் இருத்தினார்கள். வேர்த்த இடமெல்லாம் கருநீலமாக மாறும். கைப்பேசியில் படம் எடுத்துக் காட்டினார்கள். முள்ளந்தண்டிலிருந்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும் கருநீல வரிகள், நடுவில் நடுவில் நிறம் மாறாத பட்டைகள். அந்தப் பட்டைகளில் எனக்கு வேர்ப்பதில்லை, முப்பத்திரண்டு வயது வரைக்கும் தெரியாது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு, என்னிடமிருந்து போனது. டார்வின் 1875ஆம் ஆண்டுப் பதிப்பு ஒன்றில் சிந்துப் பகுதிக் குடும்பம் ஒன்றைப் பற்றி எழுதியிருக்கிறார். நான்கு தலைமுறையில் பத்து ஆண்கள், பல்லும் மயிரும் குறைவு, வெயில் காலத்தில் தோல் வறண்டு அவதி. பெண்களுக்கு அது வருவதில்லை, ஆனால் அவர்கள் வழியாக மகன்மாருக்குப் போகிறது என்கிறார். வாசித்துவிட்டு அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

மருந்து? பிறந்த பிறகு சுரப்பியை முளைக்க வைக்க ஒன்றும் இல்லை. 2018இல் ஜெர்மனியின் எர்லாங்கன் வைத்தியர்கள், அந்த மரபணு செய்யவேண்டிய புரதத்தைக் கர்ப்ப நீருக்குள் ஊசியால் செலுத்தி, பிறந்த இரட்டைப் பிள்ளைகளுக்கு வேர்த்ததைக் காட்டினார்கள். இனி வரும் பிள்ளைகளுக்கு அது கிடைக்கட்டும் என்று மனதார நினைக்கிறேன். என் மகனுக்குத் தண்ணீரும் காற்றும் நிழலும்தான்.

அந்தத் தண்ணீரை வெஸ்டை விட நன்றாக ஆவியாக விடுவது எது என்று மூன்று வருஷத்தில் கண்டுகொண்டேன். சாதாரண மெல்லிய பருத்திப் பெனியன். நனைத்துப் போட்டுவிட்டு, அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பூச்செடிக்குத் தண்ணீர் விசிறும் போத்தலால் அடித்தால் போதும். பை மாதிரி ஈரத்தைப் பூட்டி வைக்காது, கொஞ்சக் காற்றுக்கும் காயும். 2022 பங்குனி கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றபோது வெஸ்ட் இன்னும் வந்திருக்கவில்லை. ஈரப் பெனியனும் அம்மம்மாவின் பனையோலை விசிறியும்தான் அவனைக் காப்பாற்றின. போன நல்லூர்த் திருவிழாவிலும் அப்படித்தான். உள்ளே போக ஆண்கள் மேல்சட்டை கழற்றவேண்டும், வெஸ்டுக்கு இடமில்லை. துவாயை நனைத்துத் தோளில் சுற்றிவிட்டேன். எல்லாப் பெடியளையும் போல வெறும் மேலோடு நின்று கும்பிட்டான். பக்கத்தில் நின்றவர்களின் முதுகில் வேர்வை வழிகிறது, இவன் முதுகில் துவாய்த் தண்ணீர் வழிகிறது. பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

தங்கச்சி, உன் அண்ணாவின் விஷயம் வேறு. அவருக்குப் போன வருஷம் வரை வேர்த்தது. நின்றது ஏன் என்று பார்க்காமல் வெஸ்ட் வாங்காதே. என்ன குளிசை எடுக்கிறார் என்று முதலில் பார். வலிப்புக்கும் ஒற்றைத் தலையிடிக்கும் கொடுக்கிற டொபிரமேட், சலப்பைக்குக் கொடுக்கிற ஒக்சிபியூட்டினின் இரண்டும் வேர்வையைக் குறைக்கும். தானாக நிறுத்தவேண்டாம், வைத்தியரைக் கேட்கவேண்டும். சீனி வருத்தம் இருந்தால் நரம்பு பழுதாகிக் காலில் வேர்வை நிற்கும். கண்ணும் வாயும் வறண்டால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பிகளைத் தாக்குகிற சோக்ரன் நோயாக இருக்கலாம். வெளிறிய ஒரு திட்டில் மட்டும் வேர்க்காமல், தொட்டாலும் தெரியாவிட்டால் அது தொழுநோயின் அடையாளம், குணமாக்கலாம். ஒன்றும் அகப்படாமல், உடம்பு சூடாகும்போது ஊசி குத்துகிற மாதிரி இருந்தால் அதுவும் ஒரு நோய்தான். இளம் ஆண்களுக்குத்தான் கூட. நேரத்தோடு பிடித்தால் ஸ்டீரொயிட் ஊசியில் பலருக்கு வேர்வை திரும்புகிறது. அதனால்தான் அவசரப்படுத்துகிறேன். சூடு 40ஐத் தொட்டு, பேச்சுக் குழம்பினால் நனைத்தபடியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ.

சரி, வெஸ்ட். ஐந்துக்கு இரண்டு கொடுப்பேன். விலை குறைந்தாலும் அந்தக் காசுக்கு ஒரு டசின் பெனியன் வரும். வாங்காதே.

தையல்காரர் சிப்பை மாற்றித் தரும்போது, “பழைய சிப்பில பிழையில்லை பிள்ளை, பெடியன் வளந்திட்டான்” என்றார். உண்மைதான். நேற்றுப் போட்டுப் பார்த்தோம், நெஞ்சுக்கு மேலே ஏறவில்லை. சோளகத்துக்கு அவன் விளையாட வருவானா என்று ஒழுங்கையில் அவனோடு விளையாடுகிற பெடியள் இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த அளவு அனுப்பச் சொல்லி மச்சாளுக்கு இரவே எழுதினேன். வைகாசி முடியுமுன் வந்தால் போதும், சோளகம் அதற்குப் பிறகுதான் எழும்பும்.