மாரே நடனப் பள்ளி, பாரிஸ்: விட்ட ஆட்டத்தைத் திரும்பப் பிடிக்க நினைப்பவர்களுக்கு

பாரிஸில் இருக்கும் நம் பெண்களில் பலர் சின்ன வயதில் பரதம் பழகி, கல்யாணம், வேலை, பிள்ளைகள் என்று வந்த பிறகு சலங்கையைப் பெட்டிக்குள் வைத்தவர்கள். மறுபடி ஆட ஆசை இருக்கும். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நிற்கக் கூச்சம், வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டுப் பாதியில் நின்றுவிடுவோமோ என்ற பயம். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், ஏனென்றால் நானும் அந்தக் கூட்டம்தான், மாரே நடனப் பள்ளியில் பெரியவர்களுக்கான தொடக்கநிலை பாலே வகுப்பில் சேர்ந்த பிறகு வாரத்தில் அந்த ஒரு மாலைக்காகவே மற்ற நாட்களை ஓட்டுகிறேன்.

இடம் ரூ து தாம்ப்ளில், 41-ஆம் எண். தெருவில் இருந்து பார்த்தால் குதிரை வண்டி நுழையும் அளவுக்கு ஒரு பெரிய வாசல், அவ்வளவுதான். உள்ளே போனால் கல் பாவிய முற்றம், நாலு பக்கமும் உயரமான ஜன்னல்கள். 17-ஆம் நூற்றாண்டு மாளிகை இது. ஒரு காலத்தில் ‘தங்கக் கழுகு’ என்ற பெயரில் சத்திரமாக இருந்து, வெளியூர்களுக்குப் பயணிகள் வண்டி இங்கிருந்து கிளம்பியிருக்கிறது. மாரே பகுதியின் கதையே இப்படித்தான். 1682-இல் பிரெஞ்சு அரசவை வெர்சாய் அரண்மனைக்குப் போனது, இங்கே குடியிருந்த பிரபுக்கள் மெல்ல மெல்ல நகரின் மேற்குப் பக்கம் நகர்ந்தார்கள், 1789 புரட்சிக்குப் பிறகு மாளிகைகள் எல்லாம் பட்டறை, கிடங்கு, ஒண்டுக்குடித்தனம் என்று ஆகி, முற்றங்களில்கூடக் கொட்டகை போட்டுவிட்டார்கள். அப்புறம் 1962-இல், ஆந்த்ரே மால்ரோ கலாச்சார அமைச்சராக இருந்தபோது பழைய நகர்ப்பகுதிகளைக் காக்கச் சட்டம் வந்தது. மாரே தப்பியதற்கு அதுதான் பெரிய காரணம். அப்படித் தப்பிய ஒரு கட்டடத்தை அருங்காட்சியகமாக்கிக் கயிறு கட்டாமல், தினமும் ஆட்கள் வியர்க்க வியர்க்க ஆடும் இடமாக விட்டிருப்பது எனக்கு மிகப் பெரிய விஷயம்.

முற்றத்தில் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள், முக்கியமாக சனிக்கிழமை மதியம். ஒரு ஜன்னலில் பியானோ, அடுத்ததில் ஃபிளமெங்கோ காலணிகள், மேலே எங்கோ டாங்கோ. ஓரத்தில் கஃபே த லா கார் என்ற நாடக அரங்கு வேறு. 1969-இல் நகைச்சுவை நடிகர்களான கொலுஷும் ரொமேன் பூத்தேயும் நண்பர்களும் பாரிஸின் மோன்பார்னாஸ் பக்கம் தொடங்கி, எழுபதுகளின் தொடக்கத்தில் இங்கே கொண்டுவந்தது. என்ன ஆடுவது என்று முடிவு செய்யாமல் வந்தாலும் காது முடிவு செய்துவிடும்.

ஆனால் நான் ஒரு நடனப் பள்ளியில் முதலில் பார்ப்பது தரையைத்தான். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் நம்மில் பலர் சிமெண்டிலும் மொசைக்கிலும் காலைத் தரையில் அடித்துத் தட்டடவு போட்டு வளர்ந்தவர்கள், அதன் கணக்கை முட்டியும் குதிகாலும் முப்பது வயதுக்கு மேல் கேட்கும். இதற்கு முன் நான் போன வேறொரு பள்ளி நிலவறையில் இருந்தது, கான்கிரீட் மேல் மெல்லிய ரப்பர் விரிப்பு, வெளிச்சம் எல்லாம் குழல்விளக்குதான். இரண்டாவது மாதத்திலேயே முட்டி பேச ஆரம்பித்துவிட்டது. இங்கே மரத்தரை. குதித்து இறங்கினால் அடியை அதுவும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். பகல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுவதால் கண்ணாடியில் உங்கள் தோள் கோணல் உங்களுக்கே தெரிந்துவிடும்.

பரதம் பழகியவர்களுக்கு பாலேயில் பாதி வேலை முடிந்தது என்று சிலர் சொல்வார்கள், நம்ப வேண்டாம். முட்டியை மடக்கிப் பாதி உட்கார்ந்த அரைமண்டி தெரிந்தவர்களுக்கு, பாலேயில் முட்டியை மடக்கி இறங்கும் ப்ளியே எளிதாகத்தான் வரும், இரண்டிலும் தொடையில் இருந்து காலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். ஆனால் நாம் அரைமண்டியில் உட்கார்ந்தே ஆடுவோம். பாலேயில் ப்ளியே வழியாக இறங்கி ஏறிப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். தரையைத் தட்டிச் சத்தம் எழுப்பப் பழகிய கால், சத்தமே இல்லாமல் இறங்கக் கற்க எனக்கு ரொம்ப நாள் பிடித்தது, இன்னும் முழுதாக வரவில்லை. பிரெஞ்சு தடுமாறுகிறதே என்று கவலைப்பட வேண்டாம். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1661-இல் அரச நடனக் கழகத்தை நிறுவிய காலத்தில் இருந்து பாலேயின் கலைச்சொற்கள் பிரெஞ்சுதான், உலகம் முழுக்க எல்லாரும் அதே சொற்களைத்தான் பாடம் பண்ணுகிறார்கள்.

சரி, முறை எப்படி? வகுப்புகள் திறந்த வகுப்புகள். பல ஆசிரியர்கள் தனித்தனியாக நடத்துகிறார்கள், ஒரே ஒரு வகுப்புக்கு மட்டும் காசு கட்டிப் போய்ப் பார்க்கலாம், பிடித்தால் பல வகுப்புகளுக்குச் சேர்த்து வாங்கலாம். கட்டணமும் நேரமும் ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும், கிளம்புவதற்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. அதே சமயம், ஒரு குருவிடம் வருடக்கணக்கில் இருந்து பரதத்தின் முதல் உருப்படியான அலாரிப்பில் தொடங்கி ஒவ்வொன்றாக ஏறிப் போகும் பயிற்சி வேண்டும் என்றால், அது திறந்த வகுப்பில் எங்கேயுமே கிடைக்காது. பக்கத்தில் நிற்பவர் அடுத்த வாரம் வராமல் போகலாம், ஆசிரியர் எல்லாருக்கும் பொதுவாகத்தான் சொல்லித்தருவார். உங்களைத் திருத்த வேண்டும் என்றால் ஒரே ஆசிரியரிடம் தொடர்ந்து போய் முன்வரிசையில் நில்லுங்கள். மகளை முறையாகப் பரதம் பழக்க நினைக்கும் அம்மாக்கள் நம் பரத ஆசிரியர்களிடமே விடலாம், தங்களுக்கு வேண்டியதை இங்கே தேடலாம்.

நம் தமிழ்க் கடைகள் இருக்கும் லா ஷப்பெல் பக்கம் இருந்து வருபவர்கள் கார் து நோர் நிலையத்தில் 4-ஆம் எண் மெட்ரோ பிடித்து ஷாத்லேயில் இறங்கி நடக்கலாம். இல்லை என்றால் அங்கேயே 11-ஆம் எண் மெட்ரோவுக்கு மாறி ராம்புத்தோ நிலையத்தில் இறங்கலாம். முதல் நாளே பாலே காலணி வாங்கிச் செலவு செய்யாதீர்கள், தடித்த சாக்ஸ் போதுமா என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு போங்கள். அட்டவணையில் தெபுய்த்தான், அதாவது தொடக்கநிலை, என்று போட்டிருக்கும் வகுப்பையே தேர்ந்தெடுங்கள், எத்தனை வருடம் பரதம் ஆடியிருந்தாலும் சரி.